நாரை கால் மடக்கும் இடம்

நடக்கும் அரங்கான நாரை, ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் டானரிமேட்டு ஆட்கள் தொண்டையைச் செருமத் தொடங்கினார்கள்.

"பொறுங்கடே," என்றார் சூசைமாணிக்கம். "சாராய ஆலைப் புகைபோக்கி வரட்டும். முந்திக் கத்தினா மரக்கடை முக்குலயே நின்னுரும். பெறகு அங்கருந்து நடக்கணும்."

கீழே மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சொந்த ஊர் அணியின் கர்ட்டிஸ் பந்தை எறிந்தான். எதிரணிக்காரன் மட்டையை ஒரு சுழற்றுச் சுழற்ற, பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்து வெளியே போய்விட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துப் புகைபோக்கி தெரிந்தது.

"ஏலேய்... இப்பம்!"

சூசை குரல் கொடுக்க, கிழக்கு வரிசை மொத்தமும் எழுந்து கூவியது. விசில் பறந்தது. சாப்பாட்டுத் தூக்குகளைத் தட்டுகிற சத்தம் காதைப் பிளந்தது. கர்ட்டிஸ் தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தான். அடி வாங்கினவன் அவன். கொண்டாடுகிறவர்கள் அவனுடைய ஊர்க்காரர்கள். சீசன் முழுக்க அவனுக்கு இந்தக் கணக்குப் புரியவில்லை.

"பாவம்லா அந்தப் பய," என்றார் பக்கத்து வீட்டு இன்னாசி. "என்னைக்காவது அவங்கிட்ட சொல்லிரணும் அண்ணாச்சி. 'தம்பி, ஒன்மேல கோவமில்ல. நாங்க எறங்கணும்'னு."

நாரை வேகம் குறைந்து நின்றது. மின்தூக்கிகள் கீழே இறங்கின. ரெத்தினமேரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சூசை மனைவியின் பையை வாங்கிக்கொண்டார். அன்றைய பொழுது அவ்வளவுதான், வீடு வந்தாயிற்று.

வார்ட்டன் பெரிய நகரமும் அல்ல, சின்ன ஊரும் அல்ல. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூடிப்போன ஆலைகள், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியும் கிடங்குகளும். இந்த ஊருக்கு ஒரு விளையாட்டு அரங்கு வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எங்கே கட்டுவது என்பதில் சண்டை வந்தது. எங்கே கட்டினாலும் யாரோ நாலு தெருக்காரன் வீட்டை இழக்க வேண்டும். அப்போதுதான் நடையரங்கைக் கொண்டுவந்தார்கள். பெரிய கிண்ணம் போல ஒரு மைதானம். அதைத் தாங்க, கூரைகளைவிட உயரமான இரும்புக் கால்கள். பழைய ரயில் பாதையின் இரண்டு ஓரமும் காந்தத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் எருமை நடக்கிற வேகத்தில் ஊருக்குக் குறுக்கே காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நகரும். உள்ளே விளையாடுகிறவனுக்குத் தரை அசைவதே தெரியாது. அணியின் பெயர் நாரைகள் என்பதால் அரங்குக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வீடும் இடிபடாது என்பதுதான் வாக்குறுதி. இடிபடவும் இல்லை.

அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களில் ஒருவர் சூசைமாணிக்கம். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டையும் இரும்பும் தூக்கிய உடம்பு. கூட்டமாகத் தூக்கும்போது குரல் கொடுக்கிறவர் அவர்தான். கடல் தாண்டி இந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது அந்தக் குரலும் கூடவே வந்தது. வேலை முடிந்ததும் ஊர் திரும்பாமல் டானரிமேட்டில் தங்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் தோல் பதனிட்ட இடம். மழை பெய்தால் இன்னும் லேசாக நாறும். ஆனாலும் சொந்த வீடு.

நாரைக்குச் செலவு செய்த பிறகு பேருந்துக்குக் காசில்லை என்று நகரமன்றம் பேருந்துகளை நிறுத்தியது. ரெத்தினத்துக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். சூசைக்குக் கிடங்கில். நடந்து போக அவள் முழங்கால் இடம் கொடுக்காது. மெள்ள மெள்ள ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கி வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆரவாரம் அதிகமாகும் இடத்தில் நாரை நிற்கும் என்பது அதன் சட்டம். ரசிகர்கள் எங்கே அதிகமோ அங்கே போய் நிற்கட்டும் என்று ஆரவாரமானி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஊரே அதைப் பேருந்து மணியாக்கிவிட்டது.

நகரமன்றத்துக்கோ ஒரே சந்தோஷம். தோற்கிற அணிக்கு இத்தனை கூட்டமா! ஆனால் கர்ட்டிஸ் எங்கேயோ முறையிட்டிருக்க வேண்டும். மறு சீசனில் ஆரவாரமானியைக் கழற்றிவிட்டு உவகைமானி என்று ஒன்றை வைத்தார்கள்.

இருக்கையின் முதுகுக்குள் ஒரு தகடு. நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி அது நெஞ்சடிப்பைக் கேட்கும். கத்தினாலும் விசிலடித்தாலும் அதற்குக் காது கிடையாது. உள்ளே நெஞ்சு துள்ளினால் மட்டும், மைதானத்தின் முன்னால் தொங்கும் பெரிய பலகையில் முள் ஏறும்; முள் ஏறுகிற இடத்தில் நாரை நிற்கும். சீசன் முடிவில் எந்த நிறுத்தத்தில் உவகை இல்லையோ அந்த நிறுத்தம் எடுக்கப்படும் என்று அறிவிப்பும் வந்தது.

"அப்போ நெசம்மாவே ரசிக்கணுமா?" என்று கேட்டாள் ரெத்தினம்.

"ஆமா."

"இந்த ஆட்டத்தையா?"

இன்னாசி ஒரு வாரம் பாடம் நடத்திப் பார்த்தார். நம்ம கிரிக்கெட்டு மாதிரிதான், ஆனா மட்டை உருண்டை, ஓட்டம் வட்டம் என்றார். ஒருத்தருக்கும் நெஞ்சு அசையவில்லை. நாளெல்லாம் துணி பிழிந்தவளுக்கும் பெட்டி சுமந்தவனுக்கும் அந்த மெத்தை இருக்கையில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வந்தது. முள் தரையிலிருந்து மயிரிழைதான் எழும்பியது. ஒவ்வொரு நாளும் நாரை டானரிமேட்டில் நின்றதா நிற்கவில்லையா என்று சொல்ல முடியாதபடி ஒரு தயக்கம் காட்டிவிட்டுத்தான் நின்றது.

சீசனின் கடைசி வாரத்தில் ஒரு மாலை அந்தத் தயக்கமும் இல்லை. புகைபோக்கி கடந்தது. நாரை வேகம் குறையவில்லை. இவர்கள் வீட்டுக் கூரைகள் காலடியில் நகரத் தொடங்கின.

"ஏங்க," என்றாள் ரெத்தினம். "நிக்கல."

அந்த ஒரு சொல் வரிசையில் தீ மாதிரி ஓடியது. நிக்கலயா? நிக்கல. இனிமே நிக்காதா? ரெத்தினம் அந்த முழங்காலோடு பாலத்தைக் கடந்து நடக்கிற காட்சி சூசையின் கண்முன் வந்தது. பக்கத்தில் இன்னாசி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். கிழக்கு வரிசையில் அத்தனை நெஞ்சும் பறையடித்தது.

பலகையில் முள் துள்ளி எழுந்தது. அந்த அரங்கு அதுவரை பார்க்காத உயரம். நாரை குலுங்கி நின்றது.

பயத்துக்கும் சந்தோஷத்துக்கும் நெஞ்சு ஒரே தாளம்தான் போடுகிறது என்பது அந்தத் தகட்டைச் செய்தவனுக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் போகட்டும் என்று விட்டுவிட்டானோ! அன்று யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இறங்கி, சிரித்து, ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதன்பிறகு மிச்சம் இருந்த நாட்களிலும் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்தார்கள். பயந்ததால் நின்றது. நிறுத்தம் தப்பித்தது.

தப்பித்த மறுவாரம் வலென்சியா அம்மாள் டானரிமேட்டுக்கு வந்தாள். நகரமன்றத்தில் வளர்ச்சிப் பணிகளைப் பார்க்கிறவள். நல்ல மனுசி. கையோடு பெரிய அட்டைப்பெட்டி நிறைய இனிப்பு ரொட்டி வாங்கிவந்திருந்தாள்.

"நாரையின் கால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன," என்றாள். "இனி நடக்க வைப்பது கட்டுப்படியாகாது. எங்காவது நிரந்தரமாக உட்கார வைக்க வேண்டும். இந்த நகரத்திலேயே அதை அதிகமாக நேசிக்கிறவர்கள் யார் என்று பார்த்தோம். சந்தேகமே இல்லை. நீங்கள்தான்."

ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை.

"எங்க உக்காரும்?" என்று கேட்டார் சூசை.

அவள் தெருவைக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். அந்த வட்டத்துக்குள் அவருடைய வீடும் இருந்தது, கொடியில் காய்கிற ரெத்தினத்தின் துணியும் இருந்தது.

"ஒரு வீடும் இடிபடாதுன்னுதானம்மா சொன்னீங்க?"

"நடக்கும்வரை இடிபடவில்லையே! இப்போதும் யாரையும் தெருவில் விட மாட்டோம். நகரத்துக்கு வெளியே வீட்டுக்கு வீடு தருகிறோம்."

"அங்கருந்து வேலைக்கு எப்படி வாறது?"

"நாரை..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்கு வேண்டாம்மா. வாயாலயே சொல்லுதோமே. அது சந்தோஷமில்ல, பயம்!"

வலென்சியா அவரை வருத்தத்தோடு பார்த்தாள். "வாயால் சொல்வதை நம்பித்தானே ஆரவாரமானி வைத்தோம். அதை என்ன செய்தீர்கள்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை.

போகிறபோது சூசையிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இன்னும் ஒரு ஓட்டம் இருக்கிறது. சீசனுக்குப் பிந்தைய விடைகொடுக்கும் ஆட்டம். அதில்தான் இடம் உறுதியாகும். அன்று முள் எந்த இடத்தில் பலகையிலுள்ள சிவப்புக் கோட்டைத் தொடுகிறதோ, அங்கே நாரை கால் பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் வீடுகள் காலியான பிறகு கிண்ணம் இறங்கும். எங்குமே தொடவில்லையென்றால் கிழக்கே பழைய கல்குவாரி வரை போய்விடும். அங்கே குடியிருப்பு கிடையாது."

"நாங்க ஏறாம இருந்துட்டா?"

"காலி இருக்கைக்குப் போன ஆட்டத்துக் கணக்கை உவகைமானி போட்டுக்கொள்ளும்."

ஆகவே ஏறினார்கள். கல்குவாரிக்கு நாரை போய்விட்டால் வேலைக்கு நடைதான். அது தெரிந்துதான் ஏறினார்கள். "காலு தேஞ்சாலும் சரி, வீட்டுக்குத்தானே நடந்து வருவேன்," என்று சொல்லிவிட்டாள் ரெத்தினம்.

ஆட்டம் பாதி நடந்தபோது பாலம் வந்தது. முள் இப்போதே ஆடத் தொடங்கியிருந்தது. பயப்படக் கூடாது என்று நினைக்க நினைக்கப் பயம்தான் கூடியது. இன்னாசி கண்ணை மூடி எதையெதையோ முணுமுணுத்தார். "பயம் போகட்டும்னு எங் கல்யாணப் பேச்ச நெனச்சேன் அண்ணாச்சி, இன்னும் கூடுது."

சூசை எழுந்து நின்றார். துறைமுகத்தில் தூக்குகிற குரல் ஒன்று, இறக்குகிற குரல் ஒன்று. தூக்குவது யாருக்கும் வரும். இறக்குவதுதான் ஆபத்து. பாரத்தோடு ஒருவன் அவசரப்பட்டால் இன்னொருவன் கால் போய்விடும். அதனால் இறக்கும் குரல் நீளமாக இருக்கும். ஒரு அடிக்கு ஒரு மூச்சு, கூட்டமாக விடுகிற மூச்சு.

"மெள்ளோ...ம்," என்றார். "தோளு எறங்கட்டும்... மெள்ளோ...ம். கையி எறங்கட்டும்..."

தண்டவாளம் போட்ட ஆட்களுக்கு அது உடம்பில் கிடந்த குரல். தன்னால் மூச்சு நீண்டது. அவர்களைப் பார்த்து மனைவிமாரும் மூச்சை விட்டார்கள். முள் ஆடியது, யோசித்தது, சரிந்தது. மைதானத்தில் கர்ட்டிஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கு வரிசையைப் பார்த்தான். முதல் முறையாக அங்கே ஒரு சத்தமும் இல்லை. யாரோ தாலாட்டுகிற மாதிரி ஒரு முனகல் மட்டும். அவன் எறிந்தான். எதிரணிக்காரன் காற்றை அடித்தான். இன்னொன்று எறிந்தான். அதுவும் காற்றுதான்.

புகைபோக்கி வந்தது, போனது. நாரை நிற்கவில்லை. தயங்கவும் இல்லை.

"மெள்ளோ...ம். தரையத் தொடட்டும்... மெள்ளோ...ம்."

முதல் தெருவின் கூரைகள் காலடியில் கடந்தன. தேவாலய மணிக்கூண்டு கடந்தது. சூசை பலகையைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார். முள் தரையில் படுத்துக் கிடந்தது. இன்னும் ஒரு தெரு. அது அவர்களுடைய தெரு.

ரெத்தினம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வீடு தெரிந்தது. காலையில் அவள் காயப்போட்ட நீலப் புடவை கொடியில் அசைந்துகொண்டிருந்தது. வாசல், தண்ணீர்த் தொட்டி, அவர் கட்டி முடிக்காமல் விட்ட படி. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எல்லாம் கிண்ணத்துக்கு அடியில் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள். "தப்பிச்சிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். டானரிமேட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. இன்னாசி எட்டிப் பார்த்தார். "என் வீடும் நிக்கிடே! ஏலேய், நிக்கி!" வரிசை முழுக்கக் கம்பியில் சாய்ந்தது. அவனவன் வீட்டை அவனவன் விரலால் காட்டினான்.

"வேண்டாம்," என்றார் சூசை. "சந்தோஷப்படாதீங்கடே. மெள்ளோம்... மெள்ளோ..."

குரல் வரவில்லை. அவருடைய நெஞ்சே துள்ளிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கிறாள், வீடு நிற்கிறது. இதை எப்படி இறக்கி வைப்பது?

காலடியில் லேசாக ஒரு குலுக்கல் தெரிந்தது. நாரை வேகம் குறைந்தது. பலகையைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை, அதன் சிவப்பு வெளிச்சம் ரெத்தினத்தின் முகத்தில் விழுந்திருந்தது. அவள் இன்னும் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே, அவர்கள் தெருவின் இரண்டு ஓரமும் அவர் தன் கையால் போட்ட தண்டவாளத்தில், இரும்புக் கால்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மைதானத்தின் நடுவில் கர்ட்டிஸ் பலகையை அண்ணாந்து பார்த்தான். அவன் இன்றுதான் நன்றாக எறிந்திருந்தான். கிழக்கு வரிசையின் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக் குனிந்து வணங்கினான்.