கயிறு பிடித்தவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக்கதவைத் திறந்ததும் கங்கப்பனுக்கு முதலில் அடித்தது ஈரக்கல் வாசனை. ஜூஜுவாடி எடைமேடைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அந்த அறையில் டீசல் நாறும், பீடி நாறும், பக்கத்துப் பட்டறையின் எண்ணெய் நாறும். கல் நாறியதில்லை. மழை பெய்து நாற்பது நாளாகிறது.

சென்னகிருஷ்ணன் முன்னாடியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மூடியிருந்தன, ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக. குதிகால்கள் சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்தன.

"டீ குடிச்சியாப்பா?"

பதில் இல்லை. திமிர் என்று நினைத்தார் கங்கப்பன். அவர் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவர் இல்லை.

அவரும் சென்னகிருஷ்ணனும் முனீர் அகமதுவும் ஒரே ஃபவுண்டரியில் வேலை. ஞாயிறுதோறும் இந்த அறையில் அவர்கள் ஆடும் ஆட்டத்தை அங்கே பயிற்சிக்கு வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆட்களாகப் போவார்கள். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லித் தாயக்கட்டையை உருட்டவேண்டும். கதை சொல்கிறவர் வாயில் வந்தால் அது நடந்ததுதான். கதை சொல்கிறவரும் கூடவே போகவேண்டும் என்பது மட்டும் கங்கப்பன் சேர்த்த விதி. எப்போதும் கதை சொல்வது அவர்தான். தான் இல்லாத இடத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்களோ என்ற எண்ணம் அவருக்கு.

கதை பர்கூர்ப் பக்கம் ஒரு கைவிட்ட கல்குவாரிக்கு வந்த நாளிலிருந்து சென்னகிருஷ்ணன் ஒத்துழைக்கவில்லை. சின்ன வயதில் குவாரியில் கல் உடைத்தவன்.

"நான் எறங்க மாட்டேன்."

"யோவ், இது கத. உனக்கு இன்னா, கால் சுளுக்கிக்கப் போவுதா?" என்று முனீர் சிரித்தான்.

"கதயிலதான் நானும் சொல்றேன். எறங்கல."

மூன்று ஞாயிறு இப்படியே போனது. எந்தப் படிக்கட்டைச் சொன்னாலும் அங்கே கால் நிற்காது என்பான். எந்தப் பாறையைச் சொன்னாலும் அது சரியும் என்பான். போன வாரம் கங்கப்பனுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

"சரி, நீ மேலயே கயித்தப் புடிச்சிக்கினு நில்லு. நாங்க ரெண்டு பேரும் இடுப்புல கட்டிக்கினு எறங்குறோம். நான் சொல்ற வரைக்கும் விடாத. வாயத் தொறக்காத."

சென்னகிருஷ்ணனின் முகம் மாறியது. "கயிறு புடிக்கிறவன் எப்பவுமே பேசக்கூடாதுண்ணா. கீழ இருக்கிறவன் கொரலுக்கு மட்டுந்தான் கை அசையணும். எங்கண்ணனுக்குப் புடிச்சவன் யாரோ கூப்டாங்கன்னு திரும்புனான். அண்ணன் போய்ட்டான்."

கையை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் முறை வந்தபோதெல்லாம் தாண்டிப் போனார்கள். தொல்லை ஒழிந்தது, ஆட்டம் நன்றாக ஓடியது. இருவரும் குழியின் அடியைத் தொட்டபோது இரண்டாம் ஷிப்டுச் சங்கு ஊதியது. எழுந்து போய்விட்டார்கள். மேலே ஏறியதாக யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னகிருஷ்ணனின் மனைவி முனிலட்சுமி ஃபவுண்டரி கேட்டுக்கு வந்தாள். "அஞ்சு நாளா பேச்சில்ல, வேலைக்கும் போவல. கை ரெண்டும் விரியவே மாட்டேங்குதுங்க, தூக்கத்துலகூட. நான்தான் ஊட்டி விடுறேன். நீங்க சொன்னா கேப்பாரு." ஞாயிற்றுக்கிழமை சரி பண்ணி அனுப்புகிறேன் என்று கங்கப்பன் சொல்லியிருந்தார்.

இப்போது எதிரே உட்கார்ந்து குனிந்து பார்த்தார். விரல் இடுக்கில் ரத்தம் காய்ந்து, அதன்மேல் புது ரத்தம். ஒரு விரலைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். விரல் அதிர்ந்தது, பாரம் தொங்கும் கயிறு அதிர்வதுபோல. அதே நேரத்தில் அவருடைய இடுப்பை ஏதோ சுண்டியது.

கதவருகில் முனீர் நின்றிருந்தான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம்.

"கங்கண்ணா, ஏறிடலாம். ஏறுனதா சொல்லு."

"கட்டைய உருட்டாம சொன்னா செல்லாது."

உருட்டினார். ஏறுவதற்குத் தாயம் விழவேண்டும். விழவில்லை. சென்னகிருஷ்ணனின் குதிகால் தரையில் ஓர் அங்குலம் தேய்ந்து முன்னால் வந்தது. முனீர் உருட்டினான். இல்லை. இன்னொரு அங்குலம். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஆனால் சத்தம் தலைக்கு மேலே எங்கோ உயரத்திலிருந்து இறங்கியது. சுவரில் கை வைத்தார் கங்கப்பன். சில்லென்றிருந்தது. ஈரம்.

மறுபடி உருட்டினார்.

இல்லை.

சென்னகிருஷ்ணனின் மணிக்கட்டு வழியாக ரத்தம் வழிந்து முழங்கையில் சொட்டியது. கண்கள் மட்டும் கங்கப்பனைப் பார்த்தன. அந்தப் பார்வையில் திமிர் இல்லை. ஒரு வாரமாக இருந்ததே இல்லை.

அவருக்குத் தாங்கவில்லை. அந்தக் கை பிழைத்தால் போதும் என்றிருந்தது.

"போதும்ப்பா. கதைதான? விட்டுடு."

"அண்ணா, வேணாம்," என்றான் முனீர்.

கைகள் விரிந்தன.

லாரிச் சத்தம் நின்றது. முனீர் மூச்சு விடுவது நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. கங்கப்பன் ஜன்னலைத் தேடினார். பக்கத்துச் சுவரில் இல்லை. நிமிர்ந்தார். தலைக்கு நேர் மேலே, மிக உயரத்தில், தீப்பெட்டி அளவுக்கு வெளிச்சம். அதன் விளிம்பில் ஒரு தலை.

"கங்கண்ணா..." ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தக் குரல். வந்து சேர வெகுநேரமானது.

ஈரமான ஏதோ ஒன்று மடியில் விழுந்தது. கயிறு. சுருள் சுருளாக விழுந்தது. மடி நிறைந்தது. முனீரின் காலை மூடியது.

இன்னும் விழுந்துகொண்டிருந்தது.