மஞ்சள் கிரிஸ்டல்

மேசை மேலிருந்த பொம்மை வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் லேசாக நடுங்கின. நடுங்கி, இடப்பக்கம் ஒரு இம்மி திரும்பி, மறுபடியும் நேராக நின்றன.

கிருபாசங்கர் காபி டம்ளரை வைத்துவிட்டு ரிமோட்டைப் பார்த்தான். அது மேசையின் மறுகோடியில் கிடந்தது. அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை, ஏரியல் உள்ளே மடங்கியிருந்தது. அதை அவன் இன்னும் ஆன் செய்யவே இல்லை.

தப்பு அவன் பேரில்தான். முதலில் ரிமோட், பிறகு வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, பிறகு ரிமோட். சிங்கப்பூர் மாமா கொடுத்த கார் ஓடவில்லை என்று வருகிற ஒவ்வொருவருக்கும் இதை அவன் மந்திரம் மாதிரி சொல்லி அனுப்புவான். ரிமோட் இல்லாமல் விழித்திருக்கிற வண்டி கயிறு கட்டாத கன்றுக்குட்டி, யார் கூப்பிட்டாலும் போகும் என்பான். ஊருக்கெல்லாம் சொல்கிறவன், பற்றவைத்த ஈயத்தின் புகை கண்ணைக் கரித்த அவசரத்தில், தானே மறந்துபோய் வண்டியை முதலில் ஆன் செய்துவிட்டான்.

"அப்பா, வண்டி ஆடுதுப்பா" என்றாள் லோகப்பிரியா. மேசை உயரத்துக்கு இப்போதுதான் மோவாய் எட்டுகிற வயது. அடுத்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு.

"ஆடுது கண்ணு. அக்கம்பக்கத்துல யாரோ ரிமோட்ட அமுக்கறாங்க."

அவன் கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தான். சாயங்காலமானால் இந்தப் பின்னறை மேசைதான் கதி. "நீங்க தாலி கட்டுனது எனக்கா, இந்த மேசைக்கா?" என்று சாந்தாமணி கேட்காத நாளில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் பிறந்த ஊரான கோபிக்குப் போயிருந்தாள். மகளைப் பார்த்துக்கொள்ள அவன் லீவு போட்டிருந்தான். பஸ் ஏறும்போதுகூட அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மேசை மேல பொடிச் சாமானெல்லாம் எறச்சு வெக்காதீங்க. இவ எதுனாலும் வாயில போட்டுக்குவா. எம் புள்ளய பத்தரமாப் பாத்துக்குங்க."

"நான் என்ன, பாக்கமாட்டனா?" என்று அவனும் வீறாப்பாகத்தான் சொன்னான்.

இந்த வண்டி முஸ்தபா மூலம் வந்தது. காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் முஸ்தபா, ஆர்.எஸ்.புரத்தில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது மற்ற சாமான்களோடு இதையும் வாங்கிப் போட்டிருந்தான். அசல் ஜப்பான் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். ரிமோட் மட்டும் இல்லை. கிருபாசங்கருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வண்டிக்குள் அலைவரிசையைப் பிடிக்க இருந்தது மஞ்சள் கிரிஸ்டல். அவனுடைய பழைய ரிமோட்டிலும் மஞ்சள்தான். ஒரே நிறம் இரண்டு பக்கமும் இருந்தால் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்கும்.

ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கியர்ப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு காய்ந்து அப்பியிருந்தது, ஓரங்களில் பாசி. பெட்ரோலும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கழுவியும், வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீரின் வாடை வண்டியை விட்டுப் போகவே இல்லை.

அப்போது கிரிஸ்டலைக் கழற்றி மகளிடம் காட்டியிருந்தான். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, மஞ்சள் உறை போட்ட சின்னத் தகரச் சில்லு, இரண்டு கால். "இதுதான் வண்டியோட காது அம்மணி. இது இல்லீனா அதுக்கு ஒண்ணுமே கேக்காது."

"எனக்குக் குடுப்பா."

"உனக்குத்தான் ரெண்டு காது இருக்குதே" என்று அவள் காதைத் திருகிச் சிரித்தான்.

மறுநாள் தெருவில் வீடு வீடாகப் போய் விசாரித்தான். ரிமோட் கார் வைத்திருப்பவர்கள் யாருமில்லை. கடைசி வீட்டு நாச்சியம்மாள், "நம்ம தெருவுல அப்படி ஓட்ட எந்தக் கொளந்தைங்க இருக்குது?" என்று அவனையே திருப்பிக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே வண்டியை மட்டும் ஆன் செய்து மேசையில் வைத்தான். ஐப்பசி மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு டிவியில் விளம்பரம் பாடியது, எங்கோ பால்காரர் மணியடித்துப் போனார். இதற்கெல்லாம் நடுவில், வண்டிக்குள்ளிருந்து பூச்சி முனகுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. சக்கரங்கள் பாதிவரை இடப்பக்கம் திரும்பின, நின்றன. பிறகு வலப்பக்கம். நேற்றிருந்த நடுக்கத்தில் பாதிகூட இல்லை.

இந்த வேலை தெரிந்தவனுக்கு அந்த நடுக்கத்தின் அர்த்தம் தெரியும். ரிமோட் வெகு தூரத்தில் இருந்தால், வார்த்தை பாதி காதில் விழுந்த கிழவர் மாதிரி சக்கரம் தடுமாறும். கிட்ட வர வரத் தடுமாற்றம் குறையும். புது ரிமோட்டோடு தெருவில் நடந்து நடந்து அவன் எத்தனையோ தடவை இதைச் சோதித்திருக்கிறான். நேற்று அது அவிநாசி ரோட்டுப் பக்கம் இருந்திருக்க வேண்டும். இன்றைக்குத் தெருமுனைக்கு வந்திருந்தது.

அப்போதே பேட்டரியைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் வேலை தெரிந்தவனுக்கே உரிய கிறுக்கு ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. நாளைக்கு எவ்வளவு கிட்ட வருகிறது, பார்ப்போம் என்று நினைத்தான்.

அடுத்த நாள் சிறுவாணித் தண்ணீர் விடுகிற நாள். மாலையில் பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டு வந்தான். தரைக்குள் கட்டிய தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. முதலில் அடித்தரையில் அறைகிற சத்தம். நிரம்ப நிரம்ப அது தொண்டைக்குள் இறங்குகிற மாதிரி ஆழமாயிற்று. வண்டியைத் தரையில் வைத்து ஆன் செய்தான்.

இடம். வலம். முன்னால் ஒரு அடி. பின்னால் ஒரு அடி.

துளித் தடுமாற்றமில்லை. புதுசாக வண்டி வாங்கியவர்கள் முதன்முதலாகச் செய்து பார்ப்பது அதே நாலு அசைவுதான்.

பிறகு வண்டி தானாகத் திரும்பிக் கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுப் பக்கம் போயிற்று. லோகு கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். கிருபாசங்கர் பாய்ந்து இரண்டையும் பிடித்தான், ஒரு கையில் வண்டி, ஒரு கையில் மகள். வெளிப்படையாகச் சொன்னால், அவன் பயந்துபோனான்.

வண்டியை அணைத்துவிட்டு முஸ்தபாவுக்கு போன் செய்தான்.

"அந்த வண்டி யாரு ஊட்டுதுங்க முஸ்தபா? நெசத்தச் சொல்லுங்க."

"சொன்னா வாங்கமாட்டீங்கன்னுதானுங்க சொல்லுல. அந்த ஊட்டுப் பாப்பா தண்ணித் தொட்டிக்குள்ள உளுந்து செத்துப்போயிருச்சுங்க. உங்க பாப்பா வயசுதான். வண்டி ஓட்டி வெளையாடிக்கிட்டே போயிருக்குது. வண்டியும் உள்ளதான் கெடந்துச்சு."

"ரிமோட்டு?"

"அதானுங்க கெடைக்கவே இல்ல. தொட்டிய முளுசா எறச்சுப் பாத்தாங்களாமா. பாப்பா கை, ரிமோட்டப் புடிச்ச மாதிரியே இருந்துச்சாமா. ஆனா கையில ஒண்ணும் இல்ல." பிறகு, "கிருபா, அதக் கொண்டாந்து குடுத்துப்போடுங்க. நானே எங்கியாச்சும் போட்டர்றேன்" என்றான்.

நாளைக் காலையிலேயே கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு போனை வைத்தான். ஆனால் காலை வரைக்கும் அந்த ரிமோட் எங்கே இருக்கும்? அது தெரியாமல் மகளை எந்த அறையில் படுக்கவைப்பது? லோகுவைக் கூடத்தில் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, வண்டியைக் கையில் தூக்கி ஆன் செய்தபடி வீட்டுக்குள் நடந்தான். வாசலில் சக்கரம் லேசாக நடுங்கியது. கூடத்தில் நடுக்கம் குறைந்தது. சமையலறையில் இன்னும் குறைவு. பின்கட்டில் கால் வைத்ததும் நடுக்கம் நின்றது. அந்தரத்தில் நாலு சக்கரமும் சீறிச் சுழன்றன.

தொட்டி.

இரும்பு மூடியைத் தூக்கி டார்ச் அடித்தான். கறுத்த தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. குழாயிலிருந்து விழுந்த தாரை நுரைத்தது. வேறொன்றுமில்லை. தண்ணீருக்குள்ளிருந்து எந்த ரிமோட்டும் இப்படித் தெளிவாகப் பேசாது என்று அவன் படித்த படிப்பு சொல்லியது. அந்த வாடை மட்டும் முகத்தில் வந்து அறைந்தது. சிறுவாணித் தண்ணீரின் வாடை இல்லை. கியர்ப்பெட்டியின் வாடை.

மூடியைப் போட்டு, மேலே துணி துவைக்கிற கல்லை உருட்டி வைத்தான். குழாயை அடைத்தான். வண்டியை அணைத்தான், பேட்டரியைப் பிடுங்கினான். அதுவும் போதாதென்று கிரிஸ்டலைக் கழற்றி மேசையில் எறிந்தான். இனி அது செவிடு. யார் என்ன கூப்பிட்டாலும் கேட்காது. அப்பாடா என்று இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கப் போனவன், பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று ஒரு பாட்டைக்கூட முனகினான்.

தோசைக்கல் காய்ந்தபோது கரண்ட் போயிற்று.

"லோகு, பயப்படாத கண்ணு. அப்பா மெளுகுவத்தி கொண்டாறேன்."

மெழுகுவத்தியோடு கூடத்துக்கு வந்தான். டிவி முன்னால் பாய் மட்டும் கிடந்தது. பின்னறைக்குப் போனான். மேசையோரமாக ஸ்டூல் நகர்த்தியிருந்தது. வண்டி இருந்தது. பேட்டரி இருந்தது. ஸ்குரூக்கள், கம்பித் துண்டுகள், ஈயச் சுருள். கையை மேசை முழுக்கத் துழாவினான். மஞ்சள் சில்லு இல்லை. கீழேயும் இல்லை.

பின்கதவு திறந்திருந்தது.

லோகு பின்கட்டில் நின்றிருந்தாள். முதுகு அவன் பக்கம்.

"அம்மணி?"

அவள் இடப்பக்கம் திரும்பினாள். நின்றாள்.

வலப்பக்கம். நின்றாள்.

முன்னால் ஒரு அடி. பின்னால் ஒரு அடி.

மெழுகுவத்தி கையிலிருந்து விழுந்து அணைந்தது. ஓடிப்போய் அவளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். "வாயத் தொற. லோகு, வாயத் தொற சாமி!" விரலை விட்டுத் துழாவினான். பல், நாக்கு, எச்சில். ஒன்றுமில்லை.

"முளுங்கிப்போட்டேன்ப்பா" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. "இப்ப எனக்கும் கேக்குது."

வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடப் பார்த்தான். முடியவில்லை. அந்தச் சின்ன உடம்பு ஒரே திசையில் இழுத்தது. எப்படியோ அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எதிரில் மேகம் விலகிய நிலா வெளிச்சத்தில் தொட்டி தெரிந்தது. துவைகல் மூடியின் மேல் இல்லை. அது ஓரமாகப் புரண்டு கிடந்தது. மூடியின் ஒரு விளிம்பு மெதுவாக எழும்பியது.

அவளை மார்போடு அணைத்துக்கொண்டே பாய்ந்து மூடியின் மேல் உட்கார்ந்தான். முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினான். நாச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கத்தினான். தெருவே இருண்டு கிடந்தது, தெருமுனைக் கடைகளில் ஜெனரேட்டர்கள் உறுமின. யாருக்கும் கேட்கவில்லை.

அவன் பிடிக்குள் அவள் கால்கள் நடந்துகொண்டே இருந்தன. காற்றில். விடாமல்.

இரும்புக்கு அடியில், மிகக் கிட்டத்தில், ஒரு சத்தம். ரிமோட்டின் குச்சியைத் தள்ளி விட்டால் அது தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம். அவன் கைகளுக்கு மனப்பாடமான சத்தம்.

டிக்.

லோகுவின் முகம் இடப்பக்கம் திரும்பியது.

டிக்.

வலப்பக்கம். துளி நடுக்கமில்லாமல்.