கை கொடுத்தவன்

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்சந்தில்தான் அந்த வீடு இருந்தது. கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து அடிக்கிற இடம். மத்தியானம்தான், ஆனால் மழை கட்டிக்கொண்டு நின்றதால் சந்து முழுக்க இருண்டு கிடந்தது. காரை பெயர்ந்த அந்தப் பழைய வீட்டின் கதவைத் தட்டினேன்.

என் தொழில் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடலில் உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு பெல்ஜியம் நாட்டுக்காரர்கள் பதக்கம் கொடுத்தார்கள். அதை வாங்கியவர்களில் நம் கரையோரத்து ஆட்கள் யார், அவர்களுடைய வாரிசுகள் எங்கே என்று தேடி, அந்த நாட்டுக் கெண்ட் நகரத்துச் சேகரிப்பாளர் ஒருவருக்கு எழுதி அனுப்புவேன். "உயிரோட இருக்க புருஷனுக்கு ஒரு வாய் காப்பி கிடையாது, செத்தவனத் தேடி ஊரெல்லாம் அலையுதா" என்று என் வீட்டுக்காரர் ராமசுப்பு கேலி செய்வார். நல்ல மனுஷன். ரோட்டில் எவன் வண்டி நின்றுபோனாலும் இறங்கித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

கதவைத் திறந்தவள் ரோசி. உட்காரச் சொன்னாள், டீ கொண்டுவந்தாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் கையில் தராமல் ஸ்டூல் மேல் வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த மாதிரி விஷயத்தில் நான் சும்மா இருக்கிறவள் இல்லை.

"ஏம்மா, கையில தந்தா ஒட்டிக்கிடுமோ?"

"ஐயோ, தப்பா நென்ச்சிக்காதீங்க மேடம். இந்த வூட்ல யாரும் யார் கைலயும் எதுவும் குட்க்க மாட்டோம். அப்டியே பழகிச்சி."

அவள் புருஷன் பிராங்கிளின் உள்ளேயிருந்து வந்தார். துறைமுகத்தில் பைலட் படகில் வேலை. கப்பலுக்கு வழிகாட்டப் போன பைலட் கயிற்றேணியில் இறங்கும்போது, கீழே படகில் நின்று கைகொடுத்து இறக்கிவிடுகிற ஆள். அவரும் பதக்கத்தை ஸ்டூல் மேல்தான் வைத்தார்.

வெள்ளி. கறுப்பு, மஞ்சள், சிவப்பு நாடா வெளுத்துப்போயிருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டலில் அருளப்பன் என்ற பெயர், பிராங்கிளினின் முன்னோர். புயலில் உடைந்த பெல்ஜியம் கப்பலின் கேப்டனைத் தன்னந்தனியாகக் கட்டுமரத்தில் போய்க் கரைசேர்த்தவன் என்று எனக்கு வந்த தகவல் சொன்னது.

"அந்தப் புயல்ல ஒத்த ஆளாவா கட்டுமரத்தத் தள்ளுனாரு? ரெண்டு பேராவது வேணுமே?" என்றேன்.

ரோசி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போது கரண்ட் போனது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள், கண் முன்னே கை தெரியாத இருட்டு. எனக்கோ பல மாதமாகத் தேடிய பெயர் கிடைத்துவிட்ட குஷி.

"ஆளக் கண்டுபிடிச்சாச்சு! எங்க, கையக் குடுங்க அண்ணே!" என்று இருட்டில் கையை நீட்டினேன்.

கை கொடுத்தார்.

ஜில்லென்று இருந்தது. சொட்டச் சொட்ட ஈரம். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அழுகின பாசி நாற்றம் குப்பென்று அடித்தது. குலுக்கிவிட்டு உருவப் பார்த்தேன்.

விடவில்லை.

விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக மடங்கியிருந்தன. உள்ளே எலும்பு நொறுங்கியிருந்தது தெரிந்தது.

"அண்ணே, விடுங்க. வலிக்கி."

எனக்குப் பின்னாலிருந்து தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. திரும்பினேன். வாசல் பக்கம் மெழுகுவர்த்தியோடு பிராங்கிளின் நின்றார். பக்கத்தில் ரோசி.

"மேடம்," என்று கிசுகிசுத்தார். "யார் கைய புட்ச்சிகினு கீறீங்க?"

என் கையில் ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வரை நனைந்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோசிதான் சொன்னாள்.

"அருளப்பன் கூட அவரு மச்சான் மிக்கேலும் போனாரு. ரெண்டு பேருமா தான் அந்த கேப்டன தூக்கி போட்டாங்க. அப்போ ஒரு அலை மிக்கேல தள்ளிச்சி. 'மச்சான், கை குடு'ன்னு கத்திகினே வந்து கட்டய புட்ச்சாரு. மூணு பேர் ஏறுனா முயுகிடும்னு, துடுப்பால அவர் விரல் மேலயே அட்ச்சிட்டாரு அருளப்பன். அதுக்குதான் மெடலு."

"அதுலேர்ந்து மிக்கேல் கேட்டுகினே கீறான்," என்றார் பிராங்கிளின். "எங்க நைனா மொழங்கால் அளவு தண்ணில செத்து போனாரு, கைய நீட்டிகினே. அதான் நான் மூஞ்சிய பாக்காம யாருக்கும் கைய நீட்டறதில்ல. அந்த வார்த்தையே இந்த வூட்ல கெடயாது."

"எப்பவும் அவன்தான் கேப்பான்," என்று ரோசி என்னையே பார்த்தாள். "அவன்கிட்ட யாரும் கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க, குட்த்துட்டான். இனிமே உங்ககிட்டயும் திருப்பி கேப்பான்."

குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன். ராமசுப்புவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

அந்த வாரமே பிராங்கிளின் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனேன். அதே படகில் வேலை பார்க்கும் நோயல் வாசலில் அழுதுகொண்டிருந்தான். "மழைல மூஞ்சி தெர்லக்கா. ஏணிலேர்ந்து 'கை குடு'ன்னு கொரல் வந்துச்சி, நானும் கேட்டேன். பைலட்டுன்னு நென்ச்சி நீட்டிட்டான், அப்டியே கடலுக்குள்ள பூட்டான். பைலட்டு அப்போ மேல கப்பல்ல நின்னுகினு கீறாரு."

பெட்டியில் பிராங்கிளினின் வலது கையில் ஜெபமாலை நிற்கவில்லை. விரல்கள் எல்லாம் நொறுங்கியிருந்தன.

ரோசி எழுந்து நேராக என்னிடம் வந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இத்தினி வருசமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தோம். நீ வந்து கூவிக் கூப்ட்ட. நீயே வெச்சிக்க."

பதக்கத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். கையிலேயே கொடுத்தாள்.

வாங்காதே என்று மனசு கத்தியது. வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் எந்த முகத்தோடு மறுப்பேன்?

திருவொற்றியூர் வீட்டுக்கு வரும்போது கை தொப்பலாக நனைந்திருந்தது. வழியில் மழை இல்லை. முதல் வேலையாக ராமசுப்புவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், யார் கேட்டாலும் கையை நீட்டாதீங்க என்று காலில் விழுந்தாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன். வீட்டில் அவரைக் காணோம்.

"ஏட்டி முப்பிடாதி! ஓடியா!" என்று பின்பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. "சம்புக்குள்ள எவனோ விழுந்துட்டான். கை குடு, கை குடுன்னு கத்துதான், பாவம்!"

எங்கள் வீட்டுச் சம்பு, தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, காய்ந்து கிடந்தது. லாரித் தண்ணீர் இன்னும் வரவில்லை.

"நீட்டாதீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினேன்.

தொட்டி வாயில் அவர் குப்புறப் படுத்திருந்தார். வலது கை தோள்பட்டை வரை உள்ளே இருந்தது. முகத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிடிச்சிட்டேன்" என்றார்.