ஒளிரக் கூடாத தட்டு

ஆய்வகத்து இருட்டறையில் எந்தத் தட்டு ஒளிரக் கூடாதோ அது மறுபடியும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று வாரமாக இதே கூத்து. மேசைமேல் மூன்று வட்டத் தட்டுகள். முதல் தட்டில் பாக்டீரியாவும் பால் சர்க்கரையும் உண்டு. அது ஒளிர வேண்டும். இரண்டாவதில் பால் சர்க்கரை மட்டும். தின்ன ஆளில்லாததால் இருண்டு கிடக்கும். மூன்றாவதில் பாக்டீரியா மட்டும்; பால் சர்க்கரை துளிகூடக் கிடையாது. அதுவும் இருண்டுதான் கிடக்க வேண்டும். ஆனால் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கென்றே வந்து வாய்த்தது போல அது நீலப்பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கிருமிகளின் சிக்கனம் ஒரு காலத்தில் அவளுக்குப் பிடித்திருந்தது. பாலைச் செரிக்கும் மரபணுக்கள் ஒரே வரிசையில், ஒரே சுவிட்சுக்குக் கட்டுப்பட்டு இருக்கும். அந்த சுவிட்சின்மேல் ஒரு புரதம் காவலாளி மாதிரி சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும். பால் சர்க்கரை வந்து தொட்டால்தான் எழுந்து வழிவிடும். அப்புறம் வரிசை மொத்தமும் விழித்துக்கொள்ளும். சாப்பாடு எதிரே வரும்வரை தட்டைக்கூடக் கழுவாத ரகம். அந்த வரிசையின் வாலில்தான் ஒளி தரும் மரபணுக்களை அவள் கோத்திருந்தாள். உணவு தெரிந்தால் கிருமி ஒளிரும். உணவு ஒருபோதும் ஒளிராது.

இந்த வாரத்துக்குள் மூன்றாவது தட்டு இருளாவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பேராசிரியர் தேனாகப் பேசிவிட்டுப் போயிருந்தார். பிள்ளை பெற்று வந்தவளுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று வாயால் சொல்லவில்லை, பார்வையால் சொன்னார். அவர் முகத்தில் ஒரு தட்டையாவது விட்டெறிய வேண்டும் போலிருந்தது.

வழியைக் கண்டுபிடித்தது ஆய்வக உதவியாளர். சாயங்காலம் மணியடித்தது போல எழுந்து போய்விடுவார் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குழந்தைக்குப் பால் எங்க வெச்சு எடுக்கிறீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை அந்தக் கட்டிடத்திலேயே இருட்டறை ஒன்றுதான். மதியமானால் பம்ப்போடு அங்கேதான் உட்காருவாள். நிறைந்த பாட்டில்களை இதே மேசையில், இதே தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடுவாள். ஒரு துளி தெறித்தால் போதாதா? வெட்கத்தில் காது சிவந்தாலும் மனசு லேசாகிவிட்டது. தன் அசட்டுத்தனம்தான் என்றால் சரிசெய்துவிடலாம்.

பம்ப்பை வேறு அறைக்கு மாற்றினாள். மேசையைத் தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்தாள். புதுத் தட்டுகளைக் கடிகாரமே ஊற்றினார். அவளைக் கிட்டவே சேர்க்கவில்லை. குளுக்கோஸ் கிடைத்தால் இந்தக் கிருமி பாலை ஏறெடுத்தும் பார்க்காது என்பதால் மூன்றாவது தட்டில் அதையும் தாராளமாகக் கலந்து, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினார்.

மறுநாள் மதியம் அவர் மட்டும் உள்ளே போனார். கதவுக்கு வெளியே நின்ற அவளுக்கு அழுகையே வரும்போலிருந்தது.

"இருட்டுதாம்மா. கன்னங்கரேல்னு இருக்கு."

கண்ணால் பார்க்க உள்ளே நுழைந்தாள். ஈரத் துணியும் பழைய ரப்பரும் கலந்த வாடை, கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியின் ஓயாத உறுமல், எங்கோ குழாய்க்குள் நீர் இறங்கும் சத்தம். அந்த இருட்டுக்குக் கண் பழகும் முன்பே மேசைமேல் ஒரு வட்டம் நீலப்பச்சையாக எழுந்தது.

மூன்றாவது தட்டு.

 கடிகாரம் கையால் வெளியே போகச் சொன்னார். போனாள்.

"அணைஞ்சிடுச்சு" என்றது உள்ளிருந்து குரல்.

நுழைந்தாள். எரிந்தது. பின்வாங்கினாள். மங்கியது. நான்கு முறை அப்படிச் செய்த பிறகு அவர் அவளைத் தாண்டி வெளியே போய் விளக்கின் கீழ் நின்றுகொண்டார். அன்றைக்கு மணியடிக்கும் முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அவள் பிடிவாதக்காரி. தனியாகத் திரும்பி வந்து தட்டின்மேல் குனிந்தாள். டேப் பிரியவில்லை. மூடி வியர்க்கவில்லை. குளுக்கோஸ் கூழில் கிடந்துகொண்டு இதற்கு என்ன கேடு என்று பல்லைக் கடித்தாள். அப்போது, எந்த நேரத்தில் குழந்தை வீட்டில் பசித்து அழுமோ அந்த நேரம் வந்தது. மார்பு கனத்தது. பால் சுரந்து இறங்கியது.

தட்டு பளீரென்றது.

தெறித்த துளியை அது தின்னவில்லை. வரப்போகும் பாலை மோப்பம் பிடித்திருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. பாலிலிருந்து தட்டுக்கு என்ன போயிற்று என்றே இத்தனை நாளும் தலையை உடைத்துக்கொண்டாளே, தட்டிலிருந்து பாலுக்கு என்ன போயிற்று? மூன்று வாரமாக இந்த மேசையில் மூடிய பாட்டில்கள். மூன்று வாரமாக மகள் குடித்த பால். சூடு பார்க்க மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, வீணாக்காமல் நக்கிக்கொள்ளும் கணவன்.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சிக்னல்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திட்டியது மட்டும் நினைவிருந்தது. கதவைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அழுகை இல்லை. குழந்தை தூங்குவதற்காகப் படுக்கையறையின் கனத்த திரைகளை அவன் இழுத்துவிட்டிருந்தான். உள்ளே கும்மிருட்டு. காய்ந்த பாலின் புளிப்பு வாடை. பொம்மையின் சாவி எங்கோ மெல்லச் சுழன்று நின்றது.

படுக்கையறை வாசற்படியில் காலை வைத்தாள்.

தொட்டிலில் ஒரு சின்ன வெளிச்சம் எழுந்தது. நீலப்பச்சை. பல் முளைக்காத ஈறுகளின் வளைவு. நாக்கு. திறந்த வாய்.

"ஏங்க, லைட்டைப் போடுங்க."

அவன் போடவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அவள் பக்கம் திரும்பினான். திரும்பியதும் அவன் பற்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக.

"வந்துட்டியா? ரொம்பப் பசிக்குது."

குழந்தைக்கு என்று சொல்லவில்லை.

ஓரடி பின்னால் வைத்தாள். மங்க வேண்டும். இன்னோரடி. கூடத்துச் சுவர் முதுகில் இடித்தது. மங்கவில்லை. குழந்தையின் தொண்டைக்குள் இறங்கிய வெளிச்சம் சட்டைத் துணியைத் தாண்டி, வயிற்றில் குடலின் சுருள் சுருளாகத் தெரிந்தது. அவன் எழுந்தான். அவன் சட்டைக்கு உள்ளும் அதே சுருள்.

மார்பு கனத்தது. அவள் தடுத்தும் பால் இறங்கி ரவிக்கையை நனைத்தது. குனிந்து பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். விரல்களை முகத்துக்கு நேரே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த வீட்டில் அவள் மட்டும் இருட்டாக இருந்தாள்.