தாய்ப்பட்டை

கபடி மைதானத்தில் இப்போதெல்லாம் யாரும் அடம்பிடிப்பதில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று நழுவுவதில்லை, மண்ணில் உட்கார்ந்து கோடு கிழிப்பதில்லை. பி.டி. ஆசிரியை ஜெபராணி நெற்றியில் தாய்ப்பட்டையை மாட்டியதும், சேய்ப்பட்டை அணிந்த சிறுமிகள் எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நிற்பார்கள்.

தாய்ப்பட்டை அவள் மூளையில் எழும் உணர்ச்சியைப் படித்துச் சேய்ப்பட்டைகளுக்கு அனுப்பும். சொற்கள் போகாது, உணர்ச்சி மட்டும். ஆட்டத்தின்மேல் அவளுக்கிருந்த வெறி அப்படியே பிள்ளைகளுக்கும் ஏறிவிடும். தொண்டை கிழியக் கத்திய காலம் போயிற்று என்று ஜெபராணி நிம்மதியாக இருந்தாள்.

பூவிதா மட்டும்தான் குறை. ஐந்தாம் வகுப்பு. பட்டை அவளுக்கு ஆர்வத்தைக் கொடுத்தது. கால்களுக்கு வேகத்தைக் கொடுக்கவில்லை. மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மாற்று ஆளும் கிடையாது. ஆனாலும் ஜெபராணி அவளை ஒருநாளும் திட்டியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று பாடிப் போன பூவிதா யாரையும் தொடாமலே திரும்பி வந்தாள்.

"பரவாயில்ல கண்ணு. இன்னொரு தரம் போயிட்டு வா," என்று சிரித்தாள் ஜெபராணி. உள்ளே ஏதோ கசந்துகொண்டு வந்தது. 'சனியன், இவ ஒருத்தி இல்லாம இருந்தா!' கண நேரம்தான். விழுங்கிவிட்டாள்.

பூவிதா மறுபடி கோட்டைத் தாண்டினாள். எதிரணி கைகோத்து வளைத்தது. விழுந்தாள், பாட்டு நின்றது. அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பூவிதாவின் சொந்த அணிப் பிள்ளைகளும் ஓடிவந்து அவள்மேல் விழுந்தார்கள்.

ஜெபராணி விசிலை ஊதினாள். "ஏய், விடுங்க! விடுங்கன்னு சொல்றேன்ல!"

யாருக்கும் காது கேட்டதாகத் தெரியவில்லை. ஜெபராணிக்குப் பயம் வந்தது. அந்தப் பயமும் பட்டைகள் வழியே பாய்ந்தது. பயந்த பிள்ளைகள் கையில் அகப்பட்டதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். அடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தாய்ப்பட்டையைப் பிய்த்து எறிந்தாள். கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிள்ளைகள் எழுந்து, என்ன செய்தோம் என்று புரியாமல் அழ ஆரம்பித்தார்கள்.

மறுநாள் பட்டையைச் சோதிக்க நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். "கோளாறு எதுவும் இல்ல மேடம். உங்ககிட்ட என்ன இருந்துச்சோ அதத்தான் அனுப்பிருக்கு," என்றார்.

ஆஸ்பத்திரியில் பூவிதா தோளிலும் நெஞ்சிலும் கட்டோடு படுத்திருந்தாள். அத்தனை பேர் அழுத்தியும் அவள் ஒருமுறைகூடத் திமிறவில்லை என்பது ஜெபராணிக்கு அவளைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

"ஏன்டா கண்ணு, கையக் கால உதறிருக்கலாம்ல? ஒரு சத்தமாச்சும் போட்டிருக்கலாம்ல?"

"எனக்கும் அப்படித்தான மிஸ் இருந்துச்சு. என்னைய நெனச்சா எனக்கே அவ்ளோ எரிச்சலா வந்துச்சு. நல்லா அமுக்கட்டும்னு தோணுச்சு."

பூவிதா கட்டில்லாத கையால் தன் வெறும் நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"பட்டையத்தான் கழட்டியாச்சே மிஸ், இது மட்டும் ஏன் இன்னும் போகல?"