நூற்றுக்கு நாற்பத்தொன்று

"நாப்பத்தொண்ணு" என்றார் சார்பதிவாளர் ரிஸ்வானா. திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "அறுபது வேணும்."

ஜெனோவா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினேழு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம் மேடம்."

"வருஷம் எல்லாம் இதுக்குத் தெரியாதும்மா. இன்னொரு அறுபது நாள் கட்டிட்டு வாங்க. கொஞ்சம்..." ரிஸ்வானா தயங்கினார். "கொஞ்சம் அன்பா இருங்க."

இசக்கிராணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். "அன்பா இருக்கணுமாம். கேட்டுக்கிட்டியாட்டி? வா, போவோம்."

இருவர் மணிக்கட்டிலும் இருந்த சாம்பல் நிற வளையத்தின் பெயர் பிணைப்புமானி. அணிந்த இருவரும் பக்கத்தில் இருக்கும்போது அவர்களுடைய நாடித்துடிப்பு, தோலின் ஈரம், குரலின் ஏற்ற இறக்கம் மூன்றையும் அது ஒப்பிடும். பிணைப்பு உயர்ந்தால் சின்னப் பச்சை விளக்கு எரியும். அறுபது நாள் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் தரும்.

ஒருபால் திருமணச் சட்டத்தின் மேல் மூன்று ஆண்டுகள் நடந்த சண்டையில் பிறந்த கருவி அது. எல்லாக் குடிமக்களுக்கும் ஒரே உரிமை என்றது ஒரு தரப்பு. திருமணம் இரண்டு பேரின் விருப்பம் மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் தலைமுறைக்கும் போட்ட அடித்தளம் என்றது இன்னொரு தரப்பு. சேர்ந்து வாழட்டும், வேறு பெயர் வையுங்கள் என்று நடுவில் சிலர். கடைசியில் குடும்பப் பண்பாட்டு மன்றத்தின் தலைவர் நெல்லையப்பன் ஒரு யோசனை சொன்னார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாரையும் ஒருமையில் பேசாதவர். "அவங்க உறவு திருமண உறவுதான்னு அறிவியல் சொல்லட்டும், நான் ஒதுங்கிக்கிறேன்" என்றார். ஒருவரும் தேற மாட்டார்கள் என்று அவர் நம்பினார். எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று சட்டத்தை ஆதரித்தவர்கள் நம்பினார்கள். இரண்டு நம்பிக்கையும் சேர்ந்ததால் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது.

இசக்கிக்குத் திருமணமே வேண்டாம். மணற்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே மின்படகுகளுக்கு மின்கலம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். "இத்தனை வருஷம் எவன் சீட்டு குடுத்து நாம சோறு தின்னோம்?" என்பாள். ஜெனோவாவுக்குத்தான் அந்தச் சீட்டு வேண்டியிருந்தது. அவள் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. போன கலந்தாய்வில் அவளைத் தூக்கிக் கிருஷ்ணகிரி மலைப்பக்கம் போட்டுவிட்டார்கள். கணவன் அல்லது மனைவி வேறு ஊரில் இருந்தால் இடமாறுதலில் முன்னுரிமை உண்டு. "என் ஆளு மணற்பட்டினத்துல இருக்கா" என்று அவள் சொன்னபோது, "பிணைப்புச் சான்று எங்க?" என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை தானோடிப் பேருந்தில் ஏறினால் பன்னிரண்டு மணி நேரம். சனிக்கிழமை விடிந்து வீடு வந்ததும் ஜெனோவா படுத்துத் தூங்கிவிடுவாள். அதைத்தான் ஆர்வமின்மை என்று பிணைப்புமானி குறித்துக்கொண்டது. பிரிந்து கிடப்பதால் எண் குறைந்தது. எண் குறைந்ததால் பிரிந்தே கிடந்தார்கள். இதை ரிஸ்வானாவிடம் ஜெனோவா எழுதியே கொடுத்தாள். "நியாயம்தான்மா. ஆனா படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார் அவர்.

கோடை விடுமுறையில் இரண்டாம் முறை வளையம் கட்டிக்கொண்டு குற்றாலம் போனார்கள். நான்கு நாளும் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். மூன்றாம் நாள் அருவியில் குளித்துவிட்டு ஜெனோவா ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"ஏன் உனக்குப் பச்சை எரியல?"

"எனக்குப் பசிக்கிட்டி. பசியில என்னத்த எரியும்?"

"அந்தக் கடைக்காரன் பரோட்டாவைத் தட்டுல போட்டப்ப எரிஞ்சுது. நான் பாத்தேன்."

"அப்ப அவனையே கட்டிக்கிடுதேன், போ!"

சிரித்திருக்க வேண்டிய பேச்சு. இருவரும் சிரிக்கவில்லை. பதினேழு ஆண்டுகளில் இப்படி ஒரு பயணம் அவர்களுக்கு வாய்த்ததில்லை. முடிவு ஐம்பத்திரண்டு.

அந்த முடிவு வந்த அன்று கடையில் ஒரு பழைய மின்கலத்தைச் சோதித்துக்கொண்டிருந்த இசக்கி கையில் இருந்த கருவியைக் கீழே வைத்தாள்.

"ஜெனோ, இங்க வா" என்றாள். "என் கடைக்குப் புதுசா ஒரு மானி வந்தா, நல்லா இருக்குன்னு தெரிஞ்ச மின்கலத்துல வச்சுத்தான் முதல்ல அளவு சரிபாப்போம். இந்த அறுபதை எதுல வச்சுப் பாத்தானுவ?"

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்கள். ஐந்து மாதம் கழித்து ஒரு பக்கப் பதில் வந்தது. இருபத்திரண்டு ஆண்–பெண் தம்பதிகளை வைத்து அளவு நிர்ணயிக்கப்பட்டதாம். வளையம் கட்டியபோது அத்தனை பேரும் திருமணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவர்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பண்பாட்டு மன்றத்தின் சார்பில் நெல்லையப்பனே வந்து பேசினார். நீதிபதி அவரிடம் ஒன்றைத்தான் கேட்டார்: "ஏற்கெனவே மணமான ஆணும் பெண்ணும் இந்தச் சோதனையில் தேற வேண்டியதில்லையா?"

"அவசியம் இல்லைங்கம்மா. அது திருமணம்தான்னு ஊருக்கே தெரியுமே."

எல்லோருக்கும் ஒரே அளவுகோல், அல்லது ஒருவருக்கும் வேண்டாம். ஆறு மாதத்தில் அரசு முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கருவியை எடுத்துவிட்டால் சட்டத்தை மறுபடி வாக்குக்கு விட வேண்டும். அந்த இரண்டு வாக்கும் கிடைக்குமோ கிடைக்காதோ. அரசு பயந்துபோய் எல்லோர் கையிலும் வளையத்தை மாட்டியது. பழைய திருமணமோ புதியதோ, கணவன் மனைவி என்று சொல்லி எதைக் கேட்டாலும் இனி பிணைப்புச் சான்று வேண்டும்.

நெல்லையப்பன் தொலைக்காட்சியில் அதை வரவேற்றார். "நல்ல குடும்பத்துக்கு இதுல என்ன பயம்?"

மூன்றே மாதத்தில் அலுவலக வரிசை தெருமுனை தாண்டியது. குடும்ப அட்டைக்குப் பெயர் சேர்க்க வந்தவர்கள், கடவுச்சீட்டுக்கு வந்தவர்கள், இடமாறுதலுக்கு வந்தவர்கள் என்று எங்கு பார்த்தாலும் கணவனும் மனைவியும். வரிசையிலேயே சண்டை போட்டார்கள். "நீங்க சிடுசிடுன்னு இருந்ததாலதான்!" "உன் அம்மா வந்து ஒரு மாசம் உக்காந்ததாலதான்!" காவலர் ஒருவர் பொறுக்க முடியாமல், "உள்ள போற வரைக்குமாவது சிரிச்சுக்கிட்டு நில்லுங்கய்யா" என்று கத்தினார்.

மூன்றாம் முறை முடிவு வாங்க இசக்கி மட்டும் வந்திருந்தாள். ஐம்பத்தெட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அடுத்த மேசைமுன் நெல்லையப்பன் நிற்பதைக் கண்டாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி கோமதி. எட்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கணவரின் மருத்துவத் திட்டத்தில் அவர் தொடர்வதற்குச் சான்று வேண்டியிருந்தது.

"முப்பத்திமூணு சார்" என்றார் ரிஸ்வானா, தலையை நிமிர்த்தாமல்.

"திரும்பப் பாருங்கம்மா."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் சார்."

நெல்லையப்பனின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "காலையில பல் விளக்கி விடுறதுல இருந்து ராத்திரி மாத்திரை குடுக்குற வரைக்கும் நான்தாம்மா. அவங்க கண்ணைப் பாத்தே தண்ணி வேணுமா, சன்னலைத் திறக்கணுமான்னு தெரிஞ்சுக்கிடுவேன். இதெல்லாம் பண்ணும்போது எனக்கு நெஞ்சு படபடக்கல, உண்மைதான். எதுக்குப் படபடக்கணும்? எங்களுக்குள்ள என்ன இருக்குன்னு இந்த வளையத்துக்கு என்ன தெரியும்? நாங்க புருஷன் பொண்டாட்டி. நாங்க சொல்லுதோம். அது போதாதா?"

ரிஸ்வானா மெல்ல இசக்கியைப் பார்த்தார். வரிசையில் நின்ற சிலரும் பார்த்தார்கள். இரண்டு ஆண்டாக இசக்கி மனசுக்குள் சேர்த்துவைத்த பேச்சு நிறைய இருந்தது. ஆனால் அவள் கண் கோமதியின் தலையில் நின்றது. கோணலாக வகிடெடுத்து, ஆண்கை பின்னிய தடித்த பின்னல். முனையில் ரிப்பனை மட்டும் மிகக் கவனமாகக் கட்டியிருந்தது. இசக்கி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தொடரில் பிணைப்புமானி ஒழிந்தது. விவாதம் பதினோரு நிமிடம். எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. "இருவர் தாமே முன்வந்து கையெழுத்திட்டுச் சொன்னால் போதுமானது, குடும்பங்களின் சிரமம் கருதி" என்று காரணம் எழுதினார்கள். நீதிமன்றத் தீர்ப்பு இருந்ததால் இருவர் என்றால் எந்த இருவரும்தான். ஒருபால் திருமணம் என்ற சொல்லை அன்று அவையில் யாரும் உச்சரிக்கவில்லை. மூன்று ஆண்டு வாதாடியும் யாரும் யாரையும் மாற்றியிருக்கவில்லை. கையில் வளையத்தோடு மூன்று மாதம் இருக்க ஒருவராலும் முடியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை இசக்கி அலுவலக பெஞ்சில் படிவத்தோடு காத்திருந்தாள். பேருந்து தாமதம் என்று ஜெனோவா சொல்லியிருந்தாள். சிறிது நேரத்தில் நெல்லையப்பன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறு இடம் இல்லாததால் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கையிலும் அதே படிவம். அதை மடியில் வைத்துக்கொண்டு இசக்கி பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு சொல்லிக்கிடுதேன் தாயி. அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லாமப் போனது எனக்குத் தெரியும். ஆனா பொய் சொல்ல மாட்டேன், என் எண்ணம் மாறல. ரெண்டு பொம்பளைங்க கட்டிக்கிடுறதை என்னால கல்யாணம்னு இன்னமும் ஒத்துக்கிட முடியல."

இசக்கி வாசலைப் பார்த்தாள். தோளில் பையோடு, கசங்கிய சேலையோடு ஜெனோவா படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"ஒத்துக்கிட வேண்டாம் சார்" என்றாள் இசக்கி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவளுக்குக் கால் வலிக்கும்."

 நெல்லையப்பன் மனைவியின் நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டு பெஞ்சின் முனைக்கு நகர்ந்தார்.