'இன்னொரு நாள்' என்று சொல்லாதவள்

மங்கிஸ் சந்துப் பெண்களின் வியாழக்கிழமை ஓதல் குழு பழைய ஜகார்த்தாவைச் சுற்றிப் பார்க்கப் போன கதையை, எங்கள் சந்தில் இப்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பன்னிரண்டு பேர், ஒரு வேன், ஒரே துணியில் தைத்த பன்னிரண்டு உடுப்புகள். கத்திரிப்பூ நிறம். தேர்ந்தெடுத்தவர் குழுத் தலைவி ஹிந்துன் ஹாஜிம்மா. அந்த நிறம் அவர் ஒருவருக்குத்தான் எடுப்பாக இருந்தது என்பதை மற்ற பதினொரு பேரும் வேனிலேயே ஒருவர் காதில் ஒருவர் ஓதி முடித்துவிட்டார்கள்.

கால்வாய்க் கரையில் வேன் நின்றபோது பகல் இரண்டு மணி. மழை வரப்போகிற புழுக்கம். கால்வாய்த் தண்ணீர் அசையாமல் கிடந்தது. டச்சுக்காரன் கட்டிய வீடுகள் சுண்ணாம்பு உரிந்த முகங்களோடு அதில் தலைகீழாகத் தெரிந்தன. சதுக்கத்தில் ஒருவர் சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் என்ன நிறமோ அதே நிறத்தில் துரைசானித் தொப்பி ஒன்றும் கூடவே தருவார்.

குழுவில் ஒருத்தியான ரொஹாயா அவரையும் விடவில்லை.

"அண்ணே, இந்த வெயில்ல நிக்கறீங்களே. ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க, சாப்பிட்டுப் போலாம்."

"இன்னொரு நாள் வர்றேம்மா," என்றார் அவர், டயருக்குக் காற்றடித்தபடியே.

அவ்வளவுதான் விஷயம். 'வாங்க' என்று சொல்வது எங்கள் மரியாதை. 'இன்னொரு நாள்' என்று சொல்வது எதிராளியின் மரியாதை. யாரும் வர மாட்டார்கள், வருவார்கள் என்று யாரும் உலை வைக்கவும் மாட்டார்கள். ஆனால் ரொஹாயா அளவுக்கு அந்த மரியாதையை இறைத்தவர்கள் எங்கள் சந்தில் கிடையாது. மீட்டர் பார்க்க வருகிறவன், கொசு மருந்து அடிக்கிறவன், தவறான எண்ணுக்கு போன் போட்டவன் என்று எல்லோருக்கும் அவள் வீட்டில் விருந்து உண்டு, வாயால்.

அன்று அவள் வாய் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே திறந்திருந்தது. காரணம், மறுநாள் அவளுடைய ஒரே மகள் யூனி செராங்கிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள். எட்டு மாதம். முதலில் தங்கிய கரு இரண்டும் கலைந்து, மூன்றாவதாக நின்றது இது. பின்னறைக்குப் புதுச் சுண்ணாம்பு, வாசலுக்குப் பச்சைத் திரை, புது மெத்தை. மெத்தையின் கனம் எத்தனை விரல் என்பதுவரை எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக அவர்கள் போனது சேவல் மாளிகைக்கு. கூரை உச்சியில் காற்றின் திசை காட்ட ஓர் இரும்புச் சேவல். அன்று இலை அசையவில்லை. சேவல் மட்டும் மெல்ல, கிறீச்சிட்டபடி, அவர்கள் பக்கம் திரும்பியது.

"கூவப் போகுது பாருங்கடி," என்றாள் தித்தின். ரொஹாயாவின் பக்கத்து வீட்டுக்காரி, விதவை, தனிக்கட்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். இவள் வீட்டில் தும்மினால் அவள் தன் வீட்டிலிருந்தே துஆ சொல்வாள்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பின் வாடை. வௌவால் எச்சம். அதற்கும் அடியில், எங்கோ, கிராம்பு. காவலாளி விளக்கம் சொல்லிக்கொண்டே போக, பெண்கள் கேட்காமலே போட்டோ எடுத்துக்கொண்டே போனார்கள். ஹாஜிம்மா நடுவில் நிற்க வேண்டும் என்பதில் நேரம் போயிற்று.

ரொஹாயாவுக்கு வியர்த்து ஊற்றியது. மாடிப்படியிலிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது. ஏறினாள்.

மேலே நீண்ட கூடம். மூடிய மரச் சன்னல்களின் இடுக்குகளில் மட்டும் கோடு கோடாக வெளிச்சம். கீழே பதினொரு பெண்கள் கத்திக்கொண்டிருந்த சத்தம், நாலு படி ஏறியதுமே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகி, பிறகு நின்றே போனது.

கூடத்தின் கடைசிச் சன்னலடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கத்திரிப்பூ உடுப்பு.

'நம்ம ஆளுதான்' என்று நினைத்துக்கொண்டு ரொஹாயா பக்கத்தில் போனாள். தெரிந்த முகமில்லை. ஜாவாக்காரிச் சாயல், இறுக்கிப் போட்ட கொண்டை, நனைந்த பாதங்கள். ஹாஜிம்மாவின் உறவாக இருக்கும். துணி மிஞ்சியிருக்கும், தைத்துக் கொடுத்திருப்பார்.

"தனியா உக்காந்திருக்கீங்களே. கூட யாரும் வரலையா?"

"அவர் வர்றேன்னார்." குரல் மிகவும் மெல்லியது. "இங்கயே இருன்னார்."

"ஆம்பளைங்க பேச்சு அப்படித்தான். பிள்ளைங்க?"

"ரெண்டு. கப்பல்ல போயிடுச்சு."

"அட, எங்க சித்தி மகனும் கப்பல்லதான்! சமையல்கட்டுல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருவான்."

அவள் குனிந்தாள். மடியில் வைத்திருந்த வாழையிலைத் துண்டைச் சதுரமாக மடித்து, ஈர்க்குச்சி குத்தி, நடுவில் ஒரு கிராம்பைச் செருகினாள். டச்சுக்காரன் காலத்தில் துரைகள் வீட்டில் எங்கள் பெண்களை வைத்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பும்போது பிள்ளைகளை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். இது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ரொஹாயாவுக்கும் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வாய் ஓடும்போது நினைவு எங்கே ஓடும்?

"மனச விடாதீங்க. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க."

அவள் 'இன்னொரு நாள்' என்று சொல்லவில்லை.

"எப்போ?" என்றாள்.

ரொஹாயாவை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எ... எப்ப வேணா."

"வழி?"

"மங்கிஸ் சந்து. அடிபம்பிலேர்ந்து மூணாவது வாசல். பச்சைத் திரை."

"யார் இருப்பாங்க?"

"என் பொண்ணு வர்றா. நாளைக்கு. எட்டு மாசம்."

முதல் முறையாக அவள் நிமிர்ந்தாள்.

"அப்ப நாளைக்கு வர்றேன்."

கீழே இறங்கி வந்த ரொஹாயாவை, படியடியில் நின்ற காவலாளி வெறித்துப் பார்த்தார். "எப்படிம்மா மேல போனீங்க?"

படிக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி. பூட்டின் மேல் விரல் கனத்துக்குத் துரு. பெருவெள்ளத்தில் மேல்தளம் இற்றுப்போனதிலிருந்து யாரையும் ஏற்றுவதில்லை என்றார் அவர்.

படிகளில் தூசி படிந்திருந்தது. அதில் ரொஹாயாவின் செருப்புத் தடம்.

அதை ஒட்டி இறங்கிய இன்னொரு தடம். வெறுங்கால். ஈரம்.

வேனருகே வேறொரு கலாட்டா. பதின்மூன்று தின்பண்டப் பெட்டிகள் வந்திருந்தன, பன்னிரண்டு பெண்களுக்கும் ஓட்டுநருக்குமாக. ஓட்டுநருக்குப் பெட்டி இல்லை.

"யாரோ ரெண்டு தின்னுட்டீங்க! உடம்பைப் பார்த்தாலே தெரியுது," என்றார் அவர்.

"வாயைக் கழுவுய்யா!" என்றார் ஹாஜிம்மா.

காலிப் பெட்டி ஒன்று கடைசி இருக்கையில் கிடந்தது. உள்ளே, பசையரிசி லெம்பரைச் சுற்றியிருந்த வாழையிலை, சதுரமாக மடித்து ஈர்க்குச்சி குத்தியிருந்தது. நடுவில் ஒரு கிராம்பு.

ரொஹாயா மாடியில் பார்த்தவளைப் பற்றிச் சொன்னாள். தித்தின் தன் போனில் போட்டோவைத் திறந்து விரலால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அக்கா. பதிமூணு பேர் இருக்கோம்."

ரொஹாயாவின் தோளுக்குப் பின்னால், கத்திரிப்பூ உடுப்பில், ஒரு முகம். மற்றவர்களெல்லாம் பளிச்சென்று தெரிந்தார்கள். அந்த முகம் மட்டும், மை காய்வதற்குள் யாரோ ஈர விரலால் தேய்த்தது போல.

வீட்டுக்கு வந்தபோது, சந்தில் மழை பெய்திருக்கவே இல்லை. அடிபம்பிலிருந்து மூன்றாவது வாசல்வரை ஈரப் பாதங்கள் வந்திருந்தன. பச்சைத் திரைக்கு முன்னால், உள்பக்கம் பார்த்தபடி, நின்றிருந்தன. உள்ளே போகவில்லை.

வழி பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நாளைக்குத்தானே வருவதாகச் சொன்னாள்.

அன்றிரவு ரொஹாயா தூங்கவில்லை. யூனிக்கு போன் போட்டு வராதே என்றால், ஏன் என்பாள். சொன்னால் அழுவாள், இரண்டு தடவை அழுதது போதும். விடிந்ததும் ஹாஜிம்மாவிடம் ஓடினாள். அவர் தொழுகை விரிப்பை மடித்தபடி கேட்டுக்கொண்டார்.

"கூப்பிட்டது நீ. வேணாம்னு சொல்ல வேண்டியதும் நீதான். நான் ஓதித் தர்றேன், ஆனா வாயத் தொறந்து நீதான் சொல்லணும். சுத்தி வளைக்காதே. பட்டுனு சொல்லு."

சொல்வது சுலபம். ஐம்பத்து மூன்று வயதில் ரொஹாயா ஒரு பிச்சைக்காரரைக்கூட 'இல்லை' என்று அனுப்பியதில்லை. 'மன்னிச்சுக்குங்க, அடுத்த வீட்டுல பாருங்க' என்பாள். அடுத்த வீடு தித்தினுடையது.

அந்தத் தித்தினையே துணைக்கு அழைத்துக்கொண்டு, யூனியின் ரயில் வந்து சேர்வதற்குள், காலை ஒன்பது மணிக்குச் சேவல் மாளிகையில் இருந்தாள். காவலாளி வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆளில்லை. சங்கிலி தொங்கியது. அதற்கு மேலே படிகள் இருட்டில் போய் முடிந்தன.

"பிஸ்மில்லா," என்றாள் ரொஹாயா. "அது... நேத்து வரச் சொன்னேன் இல்லீங்களா? வீடு ரொம்பச் சின்னது."

மேலே ஒரு படி முனகியது.

"கொசு வேற. உங்களுக்குச் சரிப்படாது."

இன்னொரு படி. இன்னும் கீழே.

"அக்கா, சுத்தி வளைக்காதே!" தித்தின் அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

கிராம்பு வாடை. சங்கிலி தானாக, மெல்ல, ஊஞ்சல் போல ஆடத் தொடங்கியது. இருட்டுக்குள் கத்திரிப்பூ நிறம் கொஞ்சம் தெரிந்தது. அப்புறம் அந்த மெல்லிய குரல், மிகவும் ஆசையாக:

"பொண்ணு வந்துட்டாளா?"

ரொஹாயாவுக்குள் என்னவோ அறுந்தது.

"வராதே!" என்று அலறினாள். "என் வீட்டுக்கு வராதே! என் பொண்ணு பக்கம் வராதே! உன்னை நான் கூப்பிடல! போ!"

சங்கிலி நின்றது.

நெடுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு மேலே போகிற காலடிகள், ஒவ்வொன்றாக, களைத்துப்போய். எங்கேயோ ஒரு விசும்பல். ரொஹாயா திரும்பிப் பார்க்காமல் வெயிலுக்கு ஓடினாள். தித்தின் வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"என்னடி அங்க முணுமுணுத்துட்டு நின்னே?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு ஓதல்."

மதியம் யூனி வந்தாள், வயிற்றைத் தாங்கியபடி, கால் வீங்கி, சிரித்துக்கொண்டு. வாசலில் ஈரம் இல்லை. மறுநாளும் இல்லை. நாலு நாளில் ரொஹாயாவுக்கு நிறம் திரும்பியது. ஐந்தாம் நாள் மீன்காரரைப் பார்த்து 'வாங்க' என்று வாயெடுத்து, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சந்தே பார்த்தது. நாங்கள் சிரித்தோம்.

ஆறாம் நாள் அந்தியில், மக்ரிப் பாங்குக்குச் சற்று முன். ரொஹாயா அடுப்படியில் சம்பலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். தித்தின் தினமும் இந்நேரம் வருவதுபோல வெங்காயம் கடன் வாங்க வந்தவள், வாங்கியதை மறந்து, அப்பளத்தைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பின்னறையிலிருந்து யூனி குரல் கொடுத்தாள்.

"அம்மா, தித்தின் சித்திக்கு என்ன குரல்மா! தெனம் இந்நேரம் சுவத்துக்கு அந்தப் பக்கம் தாலாட்டுப் பாடுறாங்க. வயித்துல இருக்கறது உடனே அடங்கிடுது."

அம்மிக்கல் நின்றது.

தித்தினின் வாயில் அப்பளம் நின்றது.

செங்கல் சுவருக்கு அப்பால், தித்தினின் ஆளில்லாத வீட்டில், யாரோ மிகவும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி பண்ணே?" ரொஹாயாவுக்குக் குரல் காற்றாக வந்தது.

"பாவமா இருந்துச்சுக்கா." தித்தினின் கண் நிறைந்தது. "நீ அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னதும் அழுதா. அக்கா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கன்னேன். நானும் தனியாதான் இருக்கேன், ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்கன்னு... சும்மா, ஒரு பேச்சுக்கு..."

பாட்டு நின்றது.

பக்கத்து வீட்டுக் கதவின் தாழ் விலகும் சத்தம். சந்தில் வெறுங்கால்கள். ஈரமான கால்கள். நாலே அடி.

பச்சைத் திரைக்கு வெளியே ஒரு நிழல் வந்து, மரியாதையாக, நின்றது.

"வீட்ல ஆள் இருக்கா? வரலாமா?"

ரொஹாயா எழுந்தாள். கத்த வாயைத் திறந்தாள். இந்த முறை 'வராதே' வரவில்லை. அடுப்படியைத் தாண்டி ஓடினாள். அம்மிக் குழவி உருண்டது, தட்டு கவிழ்ந்தது.

அதற்குள், பின்னறையிலிருந்து, நல்லபடி வளர்த்த பெண்ணின் தெளிவான, சிரித்த குரல் கேட்டது.

"வாங்க, வாங்க! கதவு தொறந்துதான் இருக்கு!"

சந்தில் காற்றே இல்லை.

பச்சைத் திரை உள்பக்கமாக விலகியது.